காசல்ரீ வற்றிக் கிடக்கிறது: டேம் தண்ணீருக்கு என்ன விலை?

நோட்டன்காரன்
நேற்று ஹட்டனிலிருந்து நோட்டனுக்கு பஸ்ஸில் வந்தேன். காசல்ரீ டேம் ஓரமாக வரும்போது பார்த்தால் தண்ணீர் எங்கோ நடுவில் கிடக்கிறது. தேயிலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் செம்மண் படிப்படியாக இறங்கி, மொட்டையாய் ஒரு பெரிய வளையம். பக்கத்தில் இருந்த பெரியவர், "மழையில வான்கதவத் திறந்து ஊத்துவாங்க, வெயில்ல மழைக்குக் கும்பிடுவாங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் சொன்னது சரியா என்று யோசனை வந்தது.

இரண்டு கேள்வி. மழை சும்மா வருகிறது, டேம் எப்போதோ கட்டி முடிந்தது, பிறகு கரண்ட் பில் ஏன் இப்படி? இரண்டாவது, டேமை எப்போதும் நிரப்பியே வைத்திருந்தால் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஷிப்ட்
தம்பி, லக்சபான பவர்ஹவுஸ் பக்கம் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மழைக்காலச் செய்தியில் "வான்கதவுகள் திறப்பு" என்று வருவது பெரும்பாலும் நோட்டன், கெனியன், லக்சபான, மேல்கொத்மலை. அவையெல்லாம் சின்னக் குளங்கள். இரண்டு நாள் அடைமழைக்கே நிரம்பிவிடும். தண்ணீரை மாதக்கணக்கில் பிடித்து வைப்பது காசல்ரீயும் மவுசாக்கலையும்தான். காசல்ரீ வழிந்தாலும் அந்தத் தண்ணீர் கெஹெல்கமு ஓயா வழியாக நோட்டன் குளத்துக்குத்தான் வரும். விமலசுரேந்திர பவர்ஹவுஸ் ஒன்றுக்குத்தான் நட்டம். நோட்டனும் வழிந்தால்தான் பழைய லக்சபானவுக்கும் கிடைக்காமல் போகும்.

இப்போது கணக்கு. கூரையில் வைக்கும் 1000 லீட்டர் கறுப்புத் தாங்கி இருக்கிறதே, அது ஒரு கன மீட்டர். காசல்ரீயில் ஒரு தாங்கித் தண்ணீரை விட்டால் விமலசுரேந்திர, பழைய லக்சபான, பொல்பிட்டிய என்று மூன்று இடத்தில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும். மொத்த இறக்கம் 900 மீட்டருக்கு மேல். குழாயிலும் சக்கரத்திலும் போகிறது போக, நூற்றுக்கு 85 பங்கு கைக்கு வந்தால் ஒரு தாங்கிக்கு 2 யூனிட். அதே தாங்கியை மகாவலிப் பக்கம் விக்டோரியா பவர்ஹவுஸ் ஒன்றில் மட்டும் விட்டால் இறக்கம் 190 மீட்டர்தான். அரை யூனிட்கூட வராது. ஆகவே தண்ணீர் எல்லாம் ஒரே தண்ணீர் இல்லை. உயரத்தில் கிடப்பதற்கு மதிப்பு அதிகம்.

மவுசாக்கலை நிரம்பினால் சுமார் 12 கோடி 30 லட்சம் தாங்கி. யூனிட்டில் 25 கோடிக்கு மேல். கேட்கப் பெரிதாக இருக்கும். நாடு ஒரு நாளைக்குச் செலவழிப்பது 4.5 கோடி யூனிட் அளவில். அடிமட்டம் வரை இழுக்க முடியாது என்பதையும் கழித்துப் பாருங்கள், ஐந்து நாள்.

நோட்டன்காரன்
ஐந்து நாளா?! அவ்வளவு பெரிய டேமுக்கு?

பழைய_ஷிப்ட்
ஆமாம். அதனால்தான் தனியாக அதையே நம்பி ஓட்டுவதில்லை. பின்னேரம் ஆறரையிலிருந்து பத்தரை வரைக்கும் வைத்திருப்பார்கள். எல்லார் வீட்டிலும் விளக்கு, டீவி, சோறு ஆக்குகிற குக்கர். அந்த நாலு மணி நேரம்தான் எங்களுக்கு ஷிப்ட்டே.

பேராதனைக்_குருவி
பொருளியல் படிக்கிறேன், அதனால் வாய் சும்மா இருக்கவில்லை. மன்னிக்கவும்.

அண்ணா, மழை சும்மா வருகிறது என்பது சரி. டேமுக்குள் வந்த பிறகு அது சும்மா இல்லை. வெலிமடையில் உருளைக்கிழங்கு எடுத்தவரை நினைத்துப் பாருங்கள். அறுவடை அன்றைக்குச் சந்தையில் எல்லாரும் கொட்டுகிறார்கள், விலை விழுந்து கிடக்கிறது. அவர் மூட்டையை வீட்டில் வைத்துக்கொள்கிறார். இன்றைக்கு ஒரு மூட்டை விற்றால் கிடைப்பது இன்றைய விலை, போவது அடுத்த மாத விலை. அதிகமாக வைத்திருந்தால் முளைவிட்டு அழுகிப்போகும், அப்போது ஒரு சதமும் இல்லை.

டேம் தண்ணீரும் அப்படித்தான். இன்றைக்கு ஒரு தாங்கியைத் திறந்தால் செலவு பூச்சியம் என்று புத்தகத்தில் எழுதலாம். உண்மைச் செலவு, அந்தத் தாங்கி இல்லாததால் மார்ச் மாதம் எரிக்கப்போகும் டீசல். நடு இரவில் தண்ணீரைத் திறந்தால் மிச்சமாவது நுரைச்சோலை நிலக்கரி, அது மலிவு. இரவு எட்டு மணிக்குத் திறந்தால் மிச்சமாவது எண்ணெய். உதாரணத்துக்கு, வெறும் உதாரணத்துக்கு, நிலக்கரி யூனிட் 20 ரூபாய், டீசல் 60 ரூபாய் என்று வைத்தால் பழைய ஷிப்ட் ஐயாவின் 2 யூனிட் தாங்கி நடு இரவில் 40 ரூபாய், இரவு எட்டு மணிக்கு 120 ரூபாய். அதே தாங்கி வான்கதவுக்கு மேலே வழிந்து போகும் அன்றைக்கு அழுகின கிழங்கு.

பில் ஏன் இப்படி என்றால், தண்ணீர் சும்மா, சுவர் சும்மா இல்லை. மேல்கொத்மலை ஜப்பான் கடனில் கட்டியது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கடனுக்குத் தவணை உண்டு.

கூரைசோலார்
தங்கச்சி கிழங்குக் கணக்கு சூப்பர். ஆனால் ரூபாயில் கணக்குப் போட்டால் 2022 புரியாது. அப்போது டீசலுக்கு விலை இல்லை, டீசலே இல்லை, வாங்க டொலர் இல்லை. இருந்த தண்ணீரை இழுத்தார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் இருட்டு. டேமில் கிடப்பது தண்ணீர் இல்லை, அந்நியச் செலாவணி.

பேராதனைக்_குருவி
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், நீங்கள் சுருக்கமாகச் சொல்லிவிட்டீர்கள். மாற்று எதுவுமே இல்லாத நாளில் ஒரு தாங்கியின் மதிப்பு டீசல் விலை இல்லை, இருட்டின் விலை. கடை மூடினால், தையல் மெசின் நின்றால், ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு எண்ணெய் தேடினால் ஆகிற நட்டம். பஞ்சம் எப்போது வரும் என்று தெரியாதபடியால் கொஞ்சம் அதிகமாகவே சேர்த்து வைக்கச் சொல்கிறது கணக்கு.

மஸ்கெலியா_மக
எல்லாரும் மதிப்பு மதிப்பு என்கிறீர்கள். யாருக்கு?

எங்கள் பாட்டியின் வீடு மவுசாக்கலைக்குள் இருக்கிறது. பழைய மஸ்கெலியா பட்டணம் முழுக்க உள்ளேதான். தண்ணீர் இறங்கும்போது கோயில், பள்ளிவாசல், விகாரை மூன்றும் எழும்பி வரும், ஆட்கள் போட்டோ எடுக்க வருவார்கள். பாட்டிக்கு அது போட்டோ இல்லை. கோயிலுக்குப் பின்னால் எத்தனை அடி நடந்தால் தன் வீட்டு வாசல் என்று சாகும்வரை சொல்வார்.

அம்மா படித்தது மண்ணெண்ணெய் விளக்கில். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஜன்னலைத் திறந்தால் எதிர் மலையில் பவர்ஹவுஸ் வெளிச்சம் தெரியுமாம். கம்பி எங்கள் தலைக்கு மேலே கொழும்புக்குப் போனது. அம்மாவுக்குப் பல்ப் வந்தது கல்யாணம் கட்டிய பிறகு. இந்த நட்டத்தை உங்கள் தாங்கிக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

இன்னொன்று. நான் இப்போது இருக்கும் தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) ஜன்னலைத் திறந்தால் டேம் தெரியும். மலை ஊற்றுத் தண்ணீர் வரும் பீலி பெப்ரவரியிலேயே நூலாக ஒழுகுகிறது. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் பௌசர் லொறி வரும், வீட்டுக்கு இரண்டு கேன்.

நோட்டன்காரன்
அக்கா, இதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பழைய_ஷிப்ட்
மகள், அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தவன் நான். வெளிச்சத்துக்குள் நின்று பார்த்தால் வெளியே லயம் இருட்டாகத்தான் தெரியும். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம். 1918-இலேயே விமலசுரேந்திர என்ற எஞ்சினியர் இந்த ஆறுகளில் கரண்ட் எடுக்கலாம் என்று கட்டுரை வாசித்தார். 1950-இல் பழைய லக்சபான ஓடத் தொடங்கியது. பக்கத்து லயத்துக்கு ஒரு கம்பி இழுக்க எத்தனை வருடம் போனது என்று பாருங்கள். இஞ்சினியரிங் கஷ்டம் அதில் ஒன்றும் இல்லை.

குடிதண்ணீருக்கும் அதே கதைதான். கொழும்புக்குக் குடிதண்ணீர் அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்து எடுக்கிறார்கள். கோடையில் ஆறு இளைத்தால் கடல் உப்பு மேலேறி வரும். அந்த நேரம் நாங்கள் சக்கரம் சுற்றிவிட்டு இறக்கிவிடும் தண்ணீர்தான் உப்பைத் தள்ளிவைக்கிறது. அதாவது உங்கள் ஜன்னலில் தெரிகிற தண்ணீர் கொழும்புக் குழாய்க்குப் போகிறது. அதை மேலே லயத்துக்கு ஏற்றப் பம்பும் குழாயும் வேண்டும், சுத்திகரிப்பு வேண்டும். அதற்கு ஆகும் தண்ணீர், டேம் கணக்கில் தூசு. பம்புக்குக் காசு யார் போடுவது என்பதில்தான் நிற்கிறது.

பேராதனைக்_குருவி
அக்கா கேட்டது நியாயமான கேள்வி, என் பாடப் புத்தகம் அதைச் சுற்றிப் போய்விடும். லாபம் நட்டத்தைவிடப் பெரிது என்றால் திட்டம் நல்லது என்று எழுதிவிடுவார்கள். நட்டப்பட்டவருக்கு லாபத்திலிருந்து கொடுக்க *முடியும்* என்பதே போதுமாம். கொடுத்தார்களா என்று பரீட்சையில் கேட்பதில்லை.

தெல்தெனிய_தபால்
இந்தப் பக்கத்து ஆள் நான், மகாவலிக் கதையும் கொஞ்சம் போடுகிறேன். எங்கள் பழைய தெல்தெனியவும் விக்டோரியாவுக்குள்தான், எண்பதுகளின் நடுவிலிருந்து.

களனிப் பக்கம் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட ஒரே முதலாளி, கரண்ட். மகாவலியில் அப்படி இல்லை, வயலும் பங்குக்கு நிற்கிறது. பொல்கொல்லையில் ஆறு இரண்டாகப் பிரியும். வடக்கே சுரங்கத்தில் தள்ளினால் உக்குவெல பவர்ஹவுஸைச் சுற்றிவிட்டு வறண்ட வலய வயலுக்குப் போகும். தள்ளாமல் ஆற்றிலேயே விட்டால் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று மூன்று சுற்று. பழைய ஷிப்ட் ஐயாவின் தாங்கியை வைத்துச் சொன்னால், ஆற்றோடு போகும் தாங்கிக்கு முக்கால் யூனிட்டுக்குக் கிட்ட. வடக்கே போவதற்குப் பாதிகூட வராது. ஆக, அனுராதபுரத்துச் சிறுபோகத்துக்குப் போகும் ஒவ்வொரு தாங்கிக்கும் கரண்டில் ஒரு விலை கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும், நெல் வேண்டாமா. ஆனால் அந்த விலை எந்த பில்லிலும் அச்சாவதில்லை.

2023 ஓகஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? உடவளவ விவசாயிகள் பயிர் காய்கிறது என்று ரோட்டில் இறங்கினார்கள். மேலே உள்ள சமனலவெவ டேம் தண்ணீரைத் திறந்தால் தென் பக்கத்துக்குக் கரண்ட் தட்டுப்பாடு வரும் என்றது மின்சார சபை. கடைசியில் அமைச்சரவை உட்கார்ந்துதான் திறந்தார்கள். திறக்கும்போது நிறைய வயல் காய்ந்து போயிருந்தது. தண்ணீரின் மதிப்பு நாளுக்கு நாள் மாறும் என்று குருவி சொன்னது வயலில் இன்னும் மோசம். கதிர் வரும் நேரத்தில் பத்து நாள் பிந்தினால் அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டும் புண்ணியமில்லை.

கூரைசோலார்
சமனலவெவ என்றதும் ஒரு சிரிப்பு. கட்டி 1992-இல் நிரப்பினார்கள், பக்கத்து மலைக்குள்ளால் ஓட்டை. இன்றைக்கும் ஒழுகுகிறது. ஒழுகுகிற தண்ணீரில் கல்தொட்டப் பக்கம் வயல் செய்கிறார்கள். ஓட்டையை முழுதாக அடைத்தால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள். மின்சார சபைக்கு நட்டம், கமக்காரனுக்கு லாபம். 😀

பழைய_ஷிப்ட்
சிரிப்புத்தான், கட்டின எஞ்சினியர்களுக்குத் தூக்கம் போன கதை. களிமண் கொட்டியும் பார்த்தார்கள்.

கந்தப்பளை_கரட்
மரக்கறி செய்கிறவன் கேட்கிறேன். எங்களைப் பற்றி யாரும் இன்னும் திட்டவில்லையே?

டேமில் மண் நிரம்புகிறது, மேலே சரிவில் மரக்கறி செய்கிறவன்தான் காரணம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார்கள். பொல்கொல்லை, ரந்தம்பை எல்லாம் வண்டலில் கெட்டது உண்மை. என் தோட்டத்து மண்ணும் போகிறது, அதுவும் உண்மை. ஒரு நல்ல மழைக்குப் பிறகு கீழ்ப் பாத்தியில் போய்ப் பாருங்கள், கரட் தலை வெளியே தெரியும், மண் இறங்கிப் போயிருக்கும். பெரிய தோட்டங்களில் முன்பு கான் (மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்) வெட்டவென்றே தனியாக ஆள் பேர் போடுவார்கள். குறுக்கே கான், அங்கங்கே குழி, மண் குழியில் தங்கும், வருடத்துக்கு இரண்டு தரம் அள்ளி மேலே போடுவார்கள். இப்போது செலவைக் குறைக்க முதலில் வெட்டுவது கான்காரன் சம்பளத்தை.

என் அரை ஏக்கருக்குக் கல் கட்டு வைக்க ஆள் கூலி கேட்டேன், ஒரு போக லாபம் அப்படியே போகும். அந்த மண் போகாவிட்டால் லாபம் டேமுக்கும் கீழே உள்ளவருக்கும். செலவு எனக்கு. யோசித்துப் பாருங்கள், நான் ஏன் வைக்க வேண்டும்?

பேராதனைக்_குருவி
வைக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கீழே உள்ளவர் உங்களுக்குக் கூலி தரவேண்டும் என்று சொல்வேன். டேம் என்பது ஒரு பாத்திரம். வருடா வருடம் அடியில் மண் படிந்தால் பாத்திரம் சின்னதாகிறது. இன்னொரு பாத்திரம் வாங்க இடமும் இல்லை, காசும் இல்லை. கல் கட்டு அதைவிட மலிவு. யூனிட்டுக்குச் சில சதம் எடுத்து மேலே கான் வெட்டக் கொடுத்தால் அண்ணா சொல்கிற கான்காரன் திரும்ப வருவார்.

கந்தப்பளை_கரட்
சதம் வந்து சேரும்போது நான் இருக்கமாட்டேன். ஆனாலும் நல்ல யோசனை.

கூரைசோலார்
இடமில்லை என்றீர்கள். இருக்கிற டேமையே வேறு மாதிரிப் பாவிக்கலாம். பகலில் இப்போது சோலார் கொட்டுகிறது. 2025 பெப்ரவரியில் ஒரு ஞாயிறு பாணந்துறை சப்ஸ்டேஷனில் குரங்கு ஏறி நாடே இருண்டது, ஞாபகமா? ஞாயிறு பகல், ஆள் பாவனை குறைவு, சோலார் அதிகம், தாங்கவில்லை. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு லீவில் எங்களைக் கூரை சோலாரை நிறுத்தச் சொன்னார்கள். இலவச வெயிலை நிறுத்தச் சொன்ன நாடு!

பகல் முழுக்க சோலார் ஓடட்டும், அந்த நேரம் மவுசாக்கலையை மூடி வையுங்கள். மாலையில் திற. பற்றரி வாங்க வேண்டாம், மலைதான் பற்றரி. இன்னும் போனால் மகா ஓயாவில் 600 மெகாவாற் திட்டம் பேச்சில் இருக்கிறது. பகலில் மிஞ்சும் கரண்டில் தண்ணீரை மேல் குளத்துக்கு ஏற்றி, மாலையில் இறக்குவது.

மஸ்கெலியா_மக
ஏற்றிவிட்டு இறக்குவதா? இதென்ன விளையாட்டு, கரண்ட் குறையாதா?

பழைய_ஷிப்ட்
குறையும் மகள். நாலு யூனிட் போட்டால் மூன்றுதான் திரும்பும். ஆனால் போடுவது மத்தியானத்து அழுகின கிழங்கு, எடுப்பது இரவு எட்டு மணிக் கிழங்கு. மூன்றுக்குக் கிடைக்கும் விலை அந்த நாலைவிட அதிகம் என்றால் சரி. விலை வித்தியாசம் இல்லையென்றால் வெறும் விளையாட்டுத்தான்.

சோலார் தம்பி, ஒன்று மட்டும். பகலில் அடியோடு மூடி மாலையில் முழுக்கத் திறந்தால் கீழே ஆறு திடீரென்று ஏறும். ஆற்றில் குளிக்கிறவன், மணல் அள்ளுகிறவன் இருக்கிறான். சைரன் ஊதினாலும் கேட்காத இடங்கள் உண்டு.

அப்புறம், முதல் தம்பியின் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. எப்போதும் நிரப்பி வைத்தால் என்ன? நிரம்பிய டேமுக்குள் விழும் அடுத்த துளிக்கு மதிப்பு பூச்சியம், வழிந்து போகும். மே மாதம் தென்மேல் மழை தொடங்கும்போது காசல்ரீயும் மவுசாக்கலையும் இறங்கி இருக்க வேண்டும், அப்போதுதான் மழையைப் பிடிக்க இடம். நீங்கள் பார்த்த மொட்டை வளையம் குற்றமில்லை, பாதி திட்டம். மார்ச்சில் வற்றுவது சரி. நவம்பரில் வற்றினால்தான் பயப்பட வேண்டும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. மழை பத்து நாள் பிந்தினால், இடம் விட்டவர் மடையர் ஆவார். நிரப்பி வைத்திருக்கும்போது 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் மாதிரி ஒன்று வந்தால், நிரப்பியவர் அதைவிடப் பெரிய மடையர். கொன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவனுக்கு யாரும் நன்றி சொல்லிக் கேட்டதில்லை.

நோட்டன்காரன்
ஐயா, இப்போது விளங்குகிறது. அந்தப் பெரியவரைத் திரும்பப் பார்த்தால் கிழங்குக் கதையைச் சொல்கிறேன். ஆனால் அவர் சொன்னதற்கு பஸ் சிரித்த மாதிரி நான் சொன்னால் சிரிக்காது.

மஸ்கெலியா_மக
பழைய ஷிப்ட் ஐயாவிடம் ஒரு கேள்வி, கணக்கில்லாத கேள்வி. பாட்டியின் தங்கச்சி இருக்கிறார், எண்பத்தி மூன்று வயது. கோயில் படி வெளியே தெரிகிறது என்று கேள்விப்பட்டு ஒரு தடவை கூட்டிப் போகச் சொல்கிறார். பங்குனி உத்தரத்துக்குப் போனால் தெரியுமா, அதற்குள் மூடிவிடுமா?

பழைய_ஷிப்ட்
மகள், அது மழையின் கையில். ஆனால் மார்ச் நடுவிலிருந்து பின்னேரத்தில் இடி மழை தொடங்கும். ஒரு மழைக்கு மூடாது, மவுசாக்கலை அகலம், மெதுவாகத்தான் ஏறும். சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னால் போய்விட்டால் நல்லது. உத்தரம் வரை காத்திருக்க வேண்டாம் என்பேன், அடுத்த ஞாயிறு போங்கள்.

காலையிலேயே போங்கள், பின்னேரம் வேண்டாம். மேலே காய்ந்து வெடித்த மாதிரி இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை சேறு. கோயிலுக்கு நேராக இறங்காதீர்கள். மாடு போன தடம் இருக்கும், அதிலேயே நடங்கள். பாட்டியின் தங்கச்சிக்கு ஒரு கதிரை தூக்கிக்கொண்டு போங்கள், நடுவில் உட்கார இடமில்லை.

நோட்டன்காரன்
அக்கா, ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான். கதிரையை நான் தூக்குகிறேன். எத்தனை மணிக்கு மஸ்கெலியா ஸ்டாண்டில் நிற்க?

மஸ்கெலியா_மக
ஏழரைக்கு. குடையும் எடுத்து வா தம்பி.